கையின் பிழையா, இரும்பின் பிழையா?

எவர்சில்வர் பாத்திரம் இல்லாத தமிழர் வீடு நம் தோட்டங்களில் உண்டா? லயத்து வீடானாலும் சரி, பட்டணத்து அடுக்குமாடி வீடானாலும் சரி, கல்யாணச் சீரில் முதலில் எண்ணப்படுவது எவர்சில்வர் குடமும் தட்டும் டம்ளரும்தான். அந்தப் பளபளப்புக்கும் துப்பாக்கிக்கும் ஓர் உறவு உண்டு என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். துருவேறாத எஃகை இங்கிலாந்தில் கண்டுபிடித்தவர் சமையலறைக்காக அதைத் தேடவில்லை. துப்பாக்கிக் குழல் சூட்டில் அரித்துப் போவதைத் தடுக்க வழி தேடியபோதுதான் அது அவர் கைக்குக் கிடைத்தது.

துப்பாக்கியைப் பற்றி எழுத ஒரு தோட்டப் பள்ளி வாத்தியாருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் பெருங்குற்றம். 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971-ஆம் ஆண்டில் வந்த கடுந்தண்டனைச் சட்டமும் அதில் கொஞ்சமும் இரக்கம் காட்டுவதில்லை. துப்பாக்கியின் மேல் ஆசை காட்ட நான் எழுதவில்லை. 'சூடேறிய குழல் ஏன் குறி தப்புகிறது?' என்ற சின்னக் கேள்விக்குள் எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் மானம் அடங்கிக் கிடக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். முதலில் இரும்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு மனிதரின் கதைக்கு வருகிறேன்.

பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போன பையன்

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஒரு நகரம். எஃகுக்கும் கத்திக்கும் பெயர் போன ஊர். அங்கே 1871-ஆம் ஆண்டில் ஹாரி பிரியர்லி என்பவர் பிறந்தார். தகப்பனார் எஃகு உருக்கும் தொழிலாளி. வறுமையான குடும்பம். பிள்ளை பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தகப்பனார் வேலை செய்த ஆலைக்கே போனான். பிறகு அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில் போத்தல் கழுவும் வேலை கிடைத்தது. போத்தல் கழுவிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் படித்து, இரும்பின் குணங்களைக் கற்றுக்கொண்டான். அந்தப் பையன்தான் பின்னாளில் ஷெஃபீல்டின் இரண்டு பெரிய எஃகு நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார்.

1912-ஆம் ஆண்டில் அவரிடம் ஒரு சிக்கல் வந்தது. துப்பாக்கிகளின் குழல் உட்புறத்தில் சீக்கிரமாகத் தேய்ந்து போகிறது. வெடிமருந்தின் சூட்டையும் வேகத்தையும் தாங்கும் எஃகு வேண்டும் என்றார்கள். பிரியர்லி எஃகில் குரோமியம் என்ற உலோகத்தைப் பல அளவுகளில் கலந்து பார்த்தார். 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் உருக்கிய எஃகில் குரோமியம் 12.8 விழுக்காடு, கார்பன் 0.24 விழுக்காடு. இந்த எஃகை உருப்பெருக்கியில் பார்ப்பதற்காக அமிலத்தால் அரிக்கப் பார்த்தபோது, அமிலம் அதைச் சரியாகக் கடிக்கவில்லை. வினிகர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றுக்கும் அது அசையவில்லை. கத்தி செய்யும் ஊரில் பிறந்தவரல்லவா! இது குழலுக்கு உதவுகிறதோ இல்லையோ, சாப்பாட்டுக் கத்திக்கு உதவும் என்று அப்போதே கண்டுகொண்டார்.

இந்தக் கதையில் கசப்பும் உண்டு. கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்பதில் அவருக்கும் நிறுவனத்துக்கும் தகராறு வந்தது. 1915-ஆம் ஆண்டில் அவர் அங்கிருந்து விலகிப் போனார். தொழிலாளியின் பிள்ளை கண்டதைச் சொன்னால் மேலே இருப்பவர்கள் உடனே கேட்டுவிடுவதில்லை. எந்த நாடானாலும் இது ஒன்றுதான் போலும்.

டம்ளருக்கு ஒன்று, குழலுக்கு ஒன்று

'அப்படியானால் என் வீட்டு டம்ளரும் துப்பாக்கிக் குழலும் ஒரே எஃகா?' என்று கேட்டால், இல்லை. இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

பிள்ளைகளிடம் ஒரு காந்தத் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். நல்ல எவர்சில்வர் தட்டில் அது பெரும்பாலும் ஒட்டாது. துருப்பிடிக்காத சமையல் கத்தியில் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். தட்டுச் செய்யும் எஃகில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருக்கும். பாத்திரத்தின் அடியில் '18/8' என்று பொறித்திருப்பது அதைத்தான். இந்தக் கலவையை 1924-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் பிரியர்லிக்குப் பின் அதே ஆய்வுக்கூடத்தை நடத்திய ஹாட்ஃபீல்டு என்பவர். கத்தி எஃகில் நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். குரோமியம் 13 விழுக்காடு அளவில் இருக்கும். சூடாக்கி உடனே குளிர வைத்தால் அது கடினமாகும்.

இன்று குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கான ரைஃபிள் குழல்களில் பெரும்பாலானவை இந்தக் கத்தி வகை எஃகில்தான் செய்யப்படுகின்றன. '416' என்று அதற்கு எண் கொடுத்திருக்கிறார்கள். கடைவதற்கு எளிதாக இருக்கக் கொஞ்சம் கந்தகமும் சேர்ப்பார்கள். படைவீரர்களின் துப்பாக்கிகளிலும் வேட்டைத் துப்பாக்கிகளிலும் பெரும்பாலும் வேறு எஃகு. அதில் குரோமியம் 1 விழுக்காடு அளவில்தான் இருக்கும். கூடவே மாலிப்டினம் என்ற உலோகம் கொஞ்சம். அது துருப்பிடிக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்க வேண்டும்.

சூடேறினால் என்ன ஆகிறது?

ஒரு தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் உண்டாகும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியசுக்கு மேல். எஃகு உருகுவதற்கே 1500 டிகிரிக்குப் பக்கத்தில் போதும். பிறகு ஏன் குழல் உருகிவிடுவதில்லை? அந்தச் சூடு ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நிற்கிறது. கொதிக்கும் சட்டியைச் சட்டென்று தொட்டுக் கையை எடுத்துவிடுகிறோமே, அதுபோல. ஆனால் குழலின் உள்தோல் ஒவ்வொரு முறையும் சூடேறிக் குளிர்கிறது. நாளாக ஆக, வற்றிய குட்டையின் தரை போல அங்கே வெடிப்புகள் விழுகின்றன. பிரியர்லியிடம் வந்த சிக்கல் இந்தத் தேய்மானம்தான்.

அது ஆயிரக்கணக்கில் சுட்ட பிறகு வரும் நோய். விடாமல் பத்து இருபது முறை சுட்டாலே வரும் தொல்லை வேறு ஒன்று. குழல் முழுவதுமே கை வைக்க முடியாதபடி சூடாகிறது. குறி நகர ஆரம்பிக்கிறது. ஏன்?

முதற்காரணம், குழல் வளைவது. சூடானால் இரும்பு நீளும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 60 சென்டிமீட்டர் நீளக் குழலின் வெப்பம் 100 டிகிரி உயர்ந்தால், சாதாரணக் குழல் எஃகு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் நீளும். துருவேறாத 416 எஃகு ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் நீளும். நேராக நீண்டால் தொல்லை இல்லை. ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீண்டால், வெயிலில் காய்ந்த பலகை போல வளையும். குழலின் வாய் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே போதும். 100 மீட்டர் தூரத்தில் குண்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி விழும்.

இரண்டாவது, மரம். துப்பாக்கியின் மரக்கட்டை ஏதாவது ஓரிடத்தில் குழலை அழுத்திக்கொண்டிருந்தால், நீளும் குழல் அந்த இடத்தில் முட்டி ஒருபக்கமாகத் தள்ளப்படும். மழைக்காலத்தில் மரம் ஊதும். நம் நாட்டு ஈரத்தில் கதவுகள் சாத்த முடியாமல் போவதைப் பார்க்கிறோமே! இதற்காகவே போட்டித் துப்பாக்கிகளில் மரத்துக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். ஒரு காகிதத்தை நுழைத்து முழுநீளத்துக்கும் இழுத்துப் பார்த்து, எங்கும் தட்டவில்லை என்று உறுதி செய்துகொள்வார்கள்.

மூன்றாவது, சூடான குழலுக்குள் காத்திருக்கும் தோட்டா. அதன் மருந்தும் சூடேறிக் கொஞ்சம் வேகமாக எரியும். குண்டின் வேகம் மாறும். விழும் இடமும் மாறும்.

நான்காவது, கானல். நண்பகல் தார்ச்சாலையின் மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான குழலின் மேலும் அப்படியே நெளியும். அதற்கு மேலாகக் குறிபார்க்கிறவரின் கண்ணுக்கு இலக்கு ஆடுவது போலத் தெரியும். அதை மறைக்கப் போட்டியாளர்கள் குழலின் மேல் நீளவாக்கில் ஒரு துணிப்பட்டை கட்டுவதுண்டு.

ரகசியம் எஃகில் இல்லை, ஓய்வில் இருக்கிறது

'எவர்சில்வர் குழல் என்றால் சூட்டிலும் குறி தப்பாது' என்று ஒரு பேச்சு உண்டு. இதில் பாதிதான் உண்மை. அது கொஞ்சம் குறைவாக நீள்கிறது என்பது நன்மை. ஆனால் அது சூட்டை மெதுவாகக் கடத்துகிறது. சாதாரணக் குழல் எஃகு கடத்துவதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். எவர்சில்வர் சட்டியில் ஓர் இடத்தில் மட்டும் அடிப்பிடிப்பதும், அதற்காக அடியில் செம்பு பூசி விற்பதும் தாய்மார்களுக்குத் தெரிந்த சங்கதி. இரண்டையும் கூட்டிக் கழித்தால், துருவேறாத எஃகு என்ற ஒரே காரணத்தால் குழல் யோக்கியமாகிவிடாது.

பிறகு எதனால் ஆகும்? செய்கிற விதத்தால். ஓட்டை நட்டநடுவே விழுந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்துச் சுவர் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிவாகவும் இருந்தால் சூடு சமமாகப் பரவாது. அதைவிட முக்கியம், இரும்புக்குள் ஒளிந்திருக்கும் இறுக்கம். குழலை அடித்து, துளைத்து, உட்புறத்தில் சுருள்வரி இழுத்து, கோணல் இருந்தால் அழுத்தி நிமிர்த்தி, எத்தனையோ பாடு படுத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் இரும்பு அந்த வலியை உள்ளே வைத்துக்கொள்கிறது. வெளியே பார்த்தால் நேராக இருக்கும். சூடேறியதும் உள்ளே இருக்கும் இறுக்கம் அவிழ்ந்து, குழல் தன் பழைய கோணலை நோக்கித் திரும்பும்.

இதற்கு மருந்து ஓய்வுதான். கருத்தோடு வேலை செய்கிறவர்கள் குழலை உலையில் வைத்து 500 டிகிரிக்கு மேல் மெல்லச் சூடாக்கி, மணிக்கணக்காக வைத்திருந்து, அதைவிட மெல்லக் குளிர விடுகிறார்கள். அந்தச் சூட்டில் உள்ளிறுக்கம் கரைந்து போகிறது. அப்படி ஓய்வு கொடுத்து, ஓட்டை நடுவில் விழுந்து, எதிலும் முட்டாமல் நிற்கும் குழல் சூடானாலும் நேராகவே நீளும். முதல் குண்டு போன இடத்துக்கே இருபதாவது குண்டும் போகும். போட்டிக்காகத் துருவேறாத குழல் செய்கிறவர்கள் இந்தக் கவனத்தையெல்லாம் எடுத்துக்கொள்வதால், பெயர் எஃகுக்குப் போகிறது. உழைப்பு பட்டறையினுடையது.

என் பழைய மாணவன் ஒருவன் இன்று இயந்திர உறுப்புகள் கடையும் பட்டறையில் வேலை செய்கிறான். துப்பாக்கியோடு அவனுக்குத் தொடர்பில்லை. ஆனாலும் இதைச் சொன்னதும் சிரித்தான். "சார், மெல்லிசான தண்டு கடைஞ்சு முடிக்கிறப்போ நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். மறுநாள் காலையில பார்த்தா வளைஞ்சு கிடக்கும். அதுக்கு முதல்லயே சூடு காட்டி ஆற வைக்கணும். அவசரப்பட்டா இரும்பு பழி வாங்கும்" என்றான். அவன் எங்கள் பள்ளியில் கணக்கில் பின்தங்கிய பையன். இன்று ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அளக்கிறான்.

தாத்தாவும் குட்டைத் துப்பாக்கியும்

இனி மனிதரின் கதை.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. அது 1960-ஆம் ஆண்டு ஜூலை 31-இல்தான் முடிந்தது. அந்த ஆண்டுகளில் தோட்டங்களைக் காக்க ஆயிரக்கணக்கானவர்களைச் சிறப்புக் காவலர்களாகச் சேர்த்தார்கள். 'ஸ்பெஷல் கான்ஸ்டபிள்' என்பார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். இந்தியர்களும் இருந்தார்கள். என் அம்மாவைப் பெற்ற தாத்தா, பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், 1951-ஆம் ஆண்டில் அந்த வேலையில் சேர்ந்தார்.

அவருக்குக் கொடுத்தது வாயில் புனல் மாட்டியது போன்ற ஒரு குட்டைத் துப்பாக்கி. பின்கட்டையில் ரப்பர் பதித்திருக்குமாம். சுட்டால் தோளில் இடிக்கும். "நாம வெட்டுன பாலுதான் நம்ம தோளையே இடிக்குது" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு நாள் குறிபார்க்கும் சோதனை வைத்தார்கள். நூறு கஜ தூரத்தில் இலக்கு அட்டை. ஆளுக்கு இருபது தோட்டா. விடாமல் சுட வேண்டும். இலக்கின் அருகே பள்ளத்தில் இருந்தவர் ஒவ்வொரு குண்டும் விழுந்த இடத்தைக் கோலால் காட்டினார். தாத்தாவின் முதல் ஐந்து குண்டுகளும் ஒரு பால் மங்கின் வாய்க்குள் அடங்கும்படி விழுந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மேலேறி வலப்பக்கம் போக ஆரம்பித்தன. கடைசிக் குண்டு அரைச் சாண் தள்ளி விழுந்தது.

சோதித்த அதிகாரி துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'முந்தின இரவு கள் குடித்திருக்கிறான், கை நடுங்குகிறது' என்று எழுதிவிட்டார். தாத்தா வாழ்நாளில் கள்ளைத் தொட்டவரில்லை. "துரை, துப்பாக்கி சூடாச்சுன்னா குணம் மாறுது. ஆற விட்டு மறுபடி சுடுறேன், பாருங்க" என்று சொல்லிப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டியவர் சிரித்தாரே தவிர, மொழிபெயர்க்கவில்லை. மறு மாதம் தாத்தா மீண்டும் தீம்பாரில் மரத்தடியில் நின்றார். காவல் வேலையில் கிடைத்த சம்பளம் போயிற்று. அது போனால் போகிறது. 'குடித்துவிட்டு வேலையை இழந்தவன்' என்ற பெயர் போகவில்லை. இருபது ஆண்டு கழித்து என் பெரியம்மாவுக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் இந்தப் பேச்சைக் கேட்டதால் நின்று போனது.

தாத்தா 1998-இல் காலமானார். எங்களுக்கு அவர் அந்த இருபது குண்டுகளின் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். லயத்துப் படிக்கட்டில் கரித்துண்டால் இருபது புள்ளிகள் வைப்பார். எப்போது வைத்தாலும் அதே வரிசை, அதே சாய்வு. மேலே, வலப்பக்கம்.

சிதறலும் நகர்வும் ஒன்றல்ல

துப்பாக்கிக் குழல்களைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தக் கரிப்புள்ளிகளின் பொருள் எனக்கு விளங்கியது. கை நடுங்கினால் குண்டுகள் சிதறும். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று இடம், ஒன்று வலம் என்று நான்கு புறமும் போகும். முதல் குண்டிலிருந்தே அப்படித்தான் இருக்கும். சூடான குழல் சிதறாது, நகரும். முதலில் ஒரே இடத்தில் கூடி விழுந்து, பிறகு ஒரே திசையில் படிப்படியாக நடந்து போகும். கள் குடித்த கை முதல் ஐந்து குண்டுகளையும் ஒரு மங்குக்குள் போடுமா?

2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்று ரைஃபிள் போட்டியில் கலந்துகொண்டது பலருக்கு நினைவிருக்கும். காற்று ரைஃபிளில் வெடிமருந்து இல்லை. காற்றழுத்தம்தான் குண்டைத் தள்ளுகிறது. ஆகவே குழல் சூடாகிக் குறி நகரும் பேச்சே கிடையாது. அங்கே தவறு வந்தால் பெரும்பாலும் கையையும் மூச்சையும்தான் பார்க்க வேண்டும். வெடிமருந்துத் துப்பாக்கி அப்படியன்று. அங்கே கையோடு இரும்பையும் சேர்த்து விசாரித்தால்தான் நியாயம்.

அந்தக் காலத்துப் படைக்கு இது தெரியாத சங்கதியும் அல்ல. விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியின் குழலைச் சுற்றி ஏறத்தாழ நான்கு லிட்டர் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், சூடு தணிய. பிரென் துப்பாக்கிக்கு மாற்றுக் குழலே உண்டு. ஒன்று சூடானால் கழற்றி வைத்துவிட்டு மற்றதை மாட்டுவார்கள். பெரிய துப்பாக்கிக்குத் தண்ணீரும் மாற்றுக் குழலும் கொடுத்தவர்கள், சின்னத் துப்பாக்கி பிடித்த மனிதருக்கு வசவைக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் அறிந்தேன். தாத்தா வருணித்த குட்டைத் துப்பாக்கி 1944-ஆம் ஆண்டு முதல் 1947 வரை செய்யப்பட்ட லீ என்ஃபீல்டு 5-ஆம் எண் ரைஃபிள். 'காட்டுத் துப்பாக்கி' என்று அதைச் செல்லமாக அழைப்பார்கள். நான்கு கிலோ எடையுள்ள பெரிய ரைஃபிளின் குழலை வெட்டிக் குட்டையாக்கி, இரும்பை அங்கங்கே செதுக்கிக் குறைத்து, மூன்றே கால் கிலோ அளவுக்குக் கொண்டுவந்தார்கள். காட்டில் தூக்கிப் போக வசதி. ஆனால் அதன் குறி ஓரிடத்தில் நிற்பதில்லை என்று புகார்மேல் புகார் வந்தது. 'அலையும் குறி' என்றே அந்த நோய்க்குப் பெயர். 1947-ஆம் ஆண்டிலேயே, இது அமைப்பிலுள்ள குறை, திருத்த முடியாது என்று பிரிட்டிஷ் தரப்பில் முடிவு கட்டி, செய்வதை நிறுத்திவிட்டார்கள். தாத்தா சுட்டது 1951-இல்! மேலிடத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த குறை, தோட்டத்துக்கு வரும்போது தொழிலாளியின் குடிப்பழக்கமாக மாறிவிட்டது.

உண்மையை அன்றைக்கே கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டியிருக்கவில்லை. குழலை ஆற விட்டு இன்னும் ஐந்து தோட்டா சுடச் சொல்லியிருக்கலாம். குண்டு பழைய இடத்துக்குத் திரும்பினால் குற்றம் சூட்டினுடையது. அல்லது அதே துப்பாக்கியை இன்னொருவர் கையில் கொடுத்திருக்கலாம். அவர் சுட்டதும் மேலே வலப்பக்கம் நகர்ந்தால் குற்றம் துப்பாக்கியினுடையது. மொத்தச் செலவு இருபத்தைந்து தோட்டாக்கள்.

எழுபது வயதைத் தாண்டிய என் பெரியம்மாவிடம் இதையெல்லாம் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "தம்பி, அன்னைக்கு யாராவது அஞ்சு தோட்டா கூடக் கொடுத்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்துபோய் எனக்குத் தேநீர் கலக்க ஆரம்பித்துவிட்டார்.

எண் போட்டு எழுதி வையுங்கள்

துப்பாக்கியை விடுங்கள். நம்மில் எத்தனையோ பேர் இன்று தொழிற்சாலைகளில், செம்பனை ஆலைகளில், பட்டறைகளில் நாள் முழுதும் சூடாகும் இயந்திரங்களோடு நிற்கிறோம். 'காலையில் சரியாக இருந்த அளவு மத்தியானம் தப்புகிறது' என்று தொழிலாளி சொன்னால், 'உனக்குத் தூக்கம்' என்று பதில் வருவதுண்டு. வெறும் வாயால் சொன்னால் வாய்ச்சொல்லாகவே போய்விடும். மணி எட்டுக்கு இந்த அளவு, பத்துக்கு இந்த அளவு, பன்னிரண்டுக்கு இந்த அளவு என்று ஒரு சிறு நோட்டில் வரிசையாகக் குறித்து வையுங்கள். சிதறலா நகர்வா என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். பால் எடையில் தகராறு வந்தபோது துண்டுச் சீட்டுகளை எடுத்து வைத்திருந்தவரின் பேச்சு எடுபட்டது; வைக்காதவரின் பேச்சு எடுபடவில்லை. நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தாத்தாவுக்கு அந்த வரிசை தலைக்குள் இருந்தது. காகிதத்தில் இல்லை.

என் வகுப்பிலும் இதையே கடைப்பிடிக்கிறேன். ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டில் தவறுகள் வந்தால், எத்தனை தவறு என்று மட்டும் எண்ணுவதில்லை. எந்த வரிசையில் வந்தன என்றும் பார்க்கிறேன். எல்லா இடத்திலும் சிதறியிருந்தால் பாடம் புரியவில்லை. முதல் பக்கம் சரியாகி, கடைசிப் பக்கம் போகப் போகத் தவறு கூடியிருந்தால், பாடம் புரிந்திருக்கிறது, பிள்ளை களைத்துவிட்டது. காலையில் சாப்பிட்டாயா, இரவு எப்போது படுத்தாய் என்று கேட்டால் பாதிப் பதில் கிடைத்துவிடும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது பிரம்பும் அல்ல, கூடுதல் வகுப்பும் அல்ல, கொஞ்சம் ஓய்வு.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டது என்றால், மதிப்பெண்ணைப் பார்த்த கையோடு திட்டத் தொடங்காதீர்கள். விடைத்தாளை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். திட்டுவதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.